மலைக்கு வழிவிடும் படிவம்

கோடை விடுமுறை. வத்தலக்குண்டைத் தாண்டி ஒரு வேன் பழனிமலைத் தொடரின் அடிவாரத்தை நெருங்குகிறது. உள்ளே தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, நீங்கள், உங்கள் தங்கை, ஓட்டுநர் என ஏழு பேர். போகும் இடம் கொடைக்கானல். அப்போது ஓட்டுநர் கேட்கிறார்: "சார், இ-பாஸ் எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை! வேன் ஒரு மரத்தடியில் ஒதுங்குகிறது. அப்பா செல்பேசியைத் திறக்கிறார். உச்சி வெயில் திரையில் பட்டுக் கூசுகிறது. அப்பாவின் மூக்குக் கண்ணாடி பெட்டிக்குள் எங்கோ இருக்கிறது. செல்பேசி கோபுரத்தின் சமிக்ஞை ஒரு கோடு காட்டுகிறது. மறுகணம் அதுவும் இல்லை. இந்த நிலையில் அவர் ஒரு படிவத்தை நிரப்பியாக வேண்டும்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இ-பாஸ் கற்பனை அன்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளின் நெரிசலைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், அங்கே செல்ல இ-பாஸ் வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ஆணையிட்டது. 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உள்ளூர் மக்களுக்கு விலக்கு உண்டு. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கும் அது தேவையில்லை. 2025ஆம் ஆண்டின் கோடைக் காலத்துக்கு வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதி நாட்களில் 6,000 வண்டிகள்.

வரம்பு என்று ஒன்று வந்துவிட்டால், அன்றைய எண்ணிக்கை நிரம்புவதற்குள் நம் படிவம் நிரம்பியாக வேண்டும். எனவே படிவத்தின் அமைப்பு வெறும் அழகு பற்றிய விஷயம் அன்று. அது எல்லாருக்கும் சமமாக வழிவிடுகிறதா என்பதே கேள்வி.

அரசின் இணையத் தளத்தை ஆராய்வது நம் நோக்கம் அன்று. அதைப் போன்ற ஒரு மாதிரிப் படிவத்தை நாமே செய்து பார்ப்போம். அதற்குப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். கணினியில் நோட்பேட் போன்ற ஓர் எளிய எழுதுபலகையும், இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியும் இருந்தால் போதும்.

கல்லும் வண்ணமும்

மலைச் சாலையில் மைல்கற்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் ஊரின் பெயரும் தூரமும் இருக்கும். கல்லின் தலைப்பகுதியில் ஒரு வண்ணம் இருக்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் மஞ்சள். மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. கல் இல்லாமல் வண்ணத்துக்கு இடமில்லை. ஆனால் வண்ணம் வெளுத்துப் போனாலும் கல் தூரத்தைச் சொல்லிக் கொண்டேதான் இருக்கும்.

இணையப் பக்கமும் இப்படி இரண்டு பகுதிகள் கொண்டது. எது என்ன பொருள் என்று சொல்வது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி. "இது தலைப்பு", "இது பொத்தான்", "இது எழுதும் கட்டம்" என்று அது உலாவிக்கு அறிவிக்கிறது. அது நமது கல். அந்தப் பொருள் எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்வது சி.எஸ்.எஸ். என்னும் அலங்கார மொழி. நிறம், அளவு, இடைவெளி, எழுத்துரு எல்லாம் அதன் பொறுப்பு. அது நமது வண்ணம்.

படிவங்கள் இணையத்துக்குப் புதியவை அல்ல. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரத்திலேயே அவை இடம்பெற்றுவிட்டன. சி.எஸ்.எஸ். மொழியை ஓகன் வியும் லீ என்பவர் 1994இல் முன்மொழிந்தார். அதன் முதல் தரம் 1996 டிசம்பரில் வந்தது. தேதி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றுக்கெனத் தனித்தனிக் கட்டங்கள் 2014இல் நிறைவுபெற்ற எச்.டி.எம்.எல். 5 தரத்தில் சேர்ந்தன.

முதலில் கல்லை நடுவோம். வண்ணம் பிறகு.

சரியான கட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் மாதிரிச் சீட்டுக்கு ஆறு விவரங்கள் வேண்டும்: கைப்பேசி எண், வண்டி எண், வண்டியின் வகை, எத்தனை பேர், வருகிற தேதி, விதிகளுக்கு உடன்பாடு. கடைசியில் அனுப்புவதற்கு ஒரு பொத்தான்.

இப்போது ஒரு கேள்வி. கைப்பேசி எண் ஓர் எண்ணா?

"இதென்ன கேள்வி, பத்து இலக்கம் இருக்கிறதே!" என்பீர்கள். ஆனால் உங்கள் கைப்பேசி எண்ணையும் உங்கள் நண்பனின் கைப்பேசி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் என்ன கிடைக்கும்? பொருளுள்ள எதுவும் கிடைக்காது. அது இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு பெயர். "எத்தனை பேர்" என்பதற்கு எழுதும் 7 மட்டுமே உண்மையான எண். அதைக் கூட்டலாம், கழிக்கலாம். எச்.டி.எம்.எல். இந்த வேறுபாட்டை அறியும். கைப்பேசி எண்ணுக்கு "டெல்" என்ற வகை. ஆட்களின் எண்ணிக்கைக்கு "நம்பர்" என்ற வகை. "டெல்" என்று எழுதினால், செல்பேசியில் அந்தக் கட்டத்தைத் தொட்டதும் பெரிய இலக்கங்கள் கொண்ட விசைப்பலகை தானே எழும். "நம்பர்" கட்டத்தில் குறைந்தது 1, அதிகம் 20 என்று எல்லையும் வைக்கலாம்.

வருகிற தேதிக்கு "டேட்" வகை. அதைத் தொட்டால் உலாவி தானே ஒரு நாட்காட்டியை விரிக்கும். நாள் முதலா, மாதம் முதலா என்ற குழப்பம் இல்லை. வண்டி எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்து வருவதால் அதற்குச் சாதாரண "டெக்ஸ்ட்" வகை போதும்.

வண்டியின் வகைக்கு ரேடியோ பொத்தான்கள். இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? பழைய வானொலிப் பெட்டிகளில், குறிப்பாகக் கார்களில் இருந்தவற்றில், நிலையத்துக்கு ஒன்றாக அழுத்துபொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை அழுத்தினால் முன்பு அழுந்தியிருந்தது 'டக்'கென்று வெளியே வந்துவிடும். எப்போதும் ஒன்றுதான் அழுந்தியிருக்கும். கார், வேன், இருசக்கர வண்டி ஆகியவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதற்கு இது பொருத்தம். விதிகளுக்கு உடன்பாடு தெரிவிக்க, சரிக்குறி இடும் "செக்பாக்ஸ்" பெட்டி.

ஒரு கட்டத்தை எப்படி எழுதுவது என்று பாருங்கள். கணினியில் இந்தக் குறிகளை ஆங்கில எழுத்துகளில்தான் எழுத வேண்டும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறோம்.

<லேபிள் ஃபார்="வண்டிஎண்">வண்டி எண்</லேபிள்>
<இன்புட் டைப்="டெக்ஸ்ட்" ஐடி="வண்டிஎண்" நேம்="வண்டிஎண்" ரெக்வயர்டு>

இதில் ஒரு சுவையான செய்தி: ஐடி என்ற இடத்தில் நாம் சூட்டும் பெயரை உண்மையிலேயே தமிழ் எழுத்தில் எழுதலாம். இடைவெளி மட்டும் விடக் கூடாது. "ரெக்வயர்டு" என்ற ஒரு சொல், இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் உலாவி படிவத்தை அனுப்பாமல் தடுக்கும்படி செய்கிறது. ஆனால் இது வாசலில் நிற்கும் காவல்தான், விரும்பினால் தாண்டிவிடலாம். ஆகவே படிவத்தைப் பெறும் மறுமுனைக் கணினியும் எல்லாவற்றையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

"லேபிள்" என்பது கட்டத்தின் பெயர்ப்பலகை. அதில் உள்ள "ஃபார்" என்ற சொல், இந்தப் பெயர் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று கட்டிவைக்கிறது. அதனால் இரண்டு நன்மைகள். பெயரைத் தொட்டாலே கட்டம் திறக்கும். வேன் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது சின்னப் பெட்டியைக் குறிபார்த்துத் தொட வேண்டியதில்லை, அதன் பக்கத்தில் உள்ள சொற்களைத் தொட்டாலும் சரிக்குறி விழும். இரண்டாவது நன்மை பார்வையற்றோருக்கு. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். என்.வி.டி.ஏ. என்பது அவற்றில் ஒன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர் உருவாக்கி இலவசமாக வழங்குவது அது. கட்டத்தின் மீது வந்ததும் அது லேபிளில் உள்ள "வண்டி எண்" என்ற பெயரை வாசிக்கும். லேபிள் இல்லையென்றால் "எழுதும் கட்டம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக் கொள்ளும். எதை எழுதுவது?

சிலர் லேபிளை விட்டுவிட்டு, கட்டத்துக்குள்ளேயே மங்கலான எழுத்தில் "வண்டி எண்" என்று எழுதிவிடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் எழுத்தைத் தட்டியதும் அந்தக் குறிப்பு மறைந்துவிடும். பாதியில் தொலைபேசி அழைப்பு வந்து, பேசிவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு எந்தக் கட்டத்தில் எதை எழுதினோம் என்பது தெரியாது.

இனி அலங்காரம்

இப்போது நம் படிவத்தை உலாவியில் திறந்தால் கட்டங்கள் சிறியனவாகவும் சாம்பல் நிறமாகவும் இருக்கும். ஆனால் வேலை செய்யும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

சி.எஸ்.எஸ். மொழியில் ஒரு கட்டளைக்கு இரண்டு பாகங்கள்: யாருக்கு, என்ன. யாருக்கு என்பதை முதலில் எழுதி, என்ன செய்ய வேண்டும் என்பதை வளைந்த அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்.

இன்புட், பட்டன் {
ஃபாண்ட்: இன்ஹெரிட்;
பேடிங்: 0.6எம் 0.8எம்;
மின்-ஹைட்: 44பிக்சல்;
}

முதல் வரி ஏன்? பக்கம் முழுவதற்கும் ஓர் எழுத்துருவையும் அளவையும் நீங்கள் சொல்லியிருந்தாலும், படிவக் கட்டங்கள் அதைத் தாமாக ஏற்பதில்லை. உலாவி அவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய எழுத்தை வைத்திருக்கிறது. "இன்ஹெரிட்" என்றால் 'வீட்டில் உள்ள வழக்கத்தையே நீயும் பின்பற்று' என்று பொருள்.

இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் தமிழுக்கு மிக முக்கியம். ஆங்கில எழுத்துகளோடு ஒப்பிட்டால் நம் எழுத்துகள் மேலும் கீழும் கூடுதல் இடம் கேட்பவை. "கீ" என்பதன் கொம்பு மேலே எழுகிறது. "கூ" என்பதன் வால் கீழே இறங்குகிறது. கட்டத்தின் உயரத்தை "இவ்வளவுதான்" என்று இறுக்கி வைத்தால் கொம்போ வாலோ வெட்டுப்படும். எனவே எழுத்தைச் சுற்றி இடம் விட "பேடிங்". உயரம் இதற்குக் குறையக் கூடாது, வேண்டுமானால் வளரலாம் என்று சொல்ல "மின்-ஹைட்". அகலமும் அப்படியே. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் பொத்தான், தமிழில் "விண்ணப்பத்தை அனுப்புக" என்று நீளும். இறுகத் தைத்த சட்டை வளரும் பிள்ளைக்கு ஆகாது அல்லவா?

44 பிக்சல் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? செல்பேசித் திரையில் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ஒரு விரல் நுனி தவறாமல் தொடக்கூடிய அளவு. இணையத்தை எல்லாரும் பயன்படுத்த வழி சொல்லும் உலக நெறிமுறை, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் இருக்க வேண்டும் என்றும், 44 பிக்சல் இருந்தால் மேலும் நன்று என்றும் சொல்கிறது. பாட்டியின் விரல் நடுங்கலாம். அவருக்காகவும் சேர்த்தே பெரியதை எடுத்துக் கொள்வோம்.

வெயிலில் தெரியும் எழுத்து

மரத்தடியில் அப்பா பட்ட பாடு நினைவிருக்கிறதா? வெளிர் சாம்பல் எழுத்து வெள்ளைத் திரையில் அறைக்குள் அழகாகத் தெரியும். வெயிலில் காணாமல் போகும். எழுத்தும் பின்னணியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் ஒளிர்வு மதிப்பு உண்டு: முழு வெள்ளைக்கு 1, முழுக் கறுப்புக்கு 0. இரண்டு மதிப்புகளோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும்.

வெள்ளையில் கறுப்பு: 1.05 ÷ 0.05 = 21. இதுவே உச்சம்.

சாதாரண எழுத்துக்கு இந்த விகிதம் 4.5க்குக் குறையக் கூடாது என்பது நெறிமுறை. இணையத்தில் 777777 என்று குறிக்கப்படும் சாம்பல் நிறம் வெள்ளையின் மேல் 4.48 தருகிறது. அதாவது, மயிரிழையில் தோல்வி! அதைவிடச் சற்றே அடர்ந்த 767676 என்ற சாம்பல் 4.54 தருகிறது, தேர்ச்சி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அறைக்குள் கண்ணுக்குத் தெரியாது. தேர்ச்சி பெற்றதோடு நில்லாமல் இன்னும் அடர்ந்த நிறத்தை எடுத்துக் கொண்டால் வெயிலிலும் எழுத்து நிற்கும். கட்டத்தின் ஓரக் கோட்டுக்கு இந்த விகிதம் 3 இருந்தால் போதும்.

ஐந்து நிலைகள்

காகிதப் படிவம் ஊமை. திரையில் உள்ள படிவம் பதில் சொல்லும். ஒரே கட்டம் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு நிலையில் இருக்கிறது. அந்த நிலைகள் ஒவ்வொன்றுக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் ஒரு பெயர் உண்டு. முக்காற்புள்ளி இட்டு அதை எழுத வேண்டும்.

முதலாவது ":ஹோவர்". சுட்டியின் அம்பு மேலே வந்து நிற்கும் நிலை. நிறத்தைச் சற்று மாற்றிக் காட்டலாம். ஆனால் செல்பேசியில் அம்பு ஏது? எனவே அம்பு வந்தால்தான் தெரியும் என்று முக்கியமான எதையும் ஒளித்து வைக்கக் கூடாது.

இரண்டாவது ":ஃபோகஸ்-விசிபிள்". சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையில் டேப் விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு கட்டமாக நகர்கிறவர்கள் இருக்கிறார்கள். கை நடுக்கம் உள்ளவர்கள், பார்வையற்றோர், நாள் முழுதும் தட்டச்சு செய்கிறவர்கள் ஆகியோர் அவர்களில் அடக்கம். இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று காட்ட உலாவி ஒரு வளையம் வரைகிறது. அது அழகைக் கெடுக்கிறது என்று சிலர் ஒரே வரியில் அழித்துவிடுகிறார்கள். மலைச் சாலையில் இருட்டில் முகப்பு விளக்கை அணைப்பதற்கு ஒப்பானது அது. பிடிக்கவில்லையென்றால் மாற்றி வரையலாம்:

:ஃபோகஸ்-விசிபிள் { அவுட்லைன்: 3பிக்சல் சாலிட் டார்க்கிரீன்; அவுட்லைன்-ஆஃப்செட்: 2பிக்சல்; }

அடர்பச்சை வளையம், கட்டத்திலிருந்து சற்று விலகி நிற்கும்.

மூன்றாவது ":செக்டு". செக்பாக்ஸில் சரிக்குறி இட்ட நிலை, அல்லது ரேடியோ பொத்தான் அழுந்திய நிலை.

நான்காவது ":டிஸேபிள்டு". இப்போது பயன்படாது என்று பூட்டி வைத்த நிலை. பூட்டியிருந்தால் ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுவது மரியாதை.

ஐந்தாவது, தவறான நிலை. இதற்கு ":இன்வேலிட்" என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல். கட்டாயக் கட்டம் காலியாக இருந்தாலே தவறு என்பதால், பக்கம் திறந்தவுடனேயே எல்லாக் கட்டங்களும் சிவந்து நிற்கும். தேர்வு தொடங்கு முன்பே தாளில் பெருக்கல் குறி போடும் ஆசிரியரை உங்களுக்குப் பிடிக்குமா? அதற்காகவே ":யூசர்-இன்வேலிட்" என்ற நிலை வந்தது. பயனர் எழுதி முடித்து நகர்ந்த பிறகுதான் அது விழித்துக் கொள்ளும். 2023 முதல் முக்கிய உலாவிகள் எல்லாம் அதை அறிந்துள்ளன.

தவறை வெறும் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருக்கலாம். ஓரக் கோட்டைத் தடிமனாக்குங்கள். "வண்டி எண்ணை முழுமையாக எழுதுக" என்று சொல்லாலும் சொல்லுங்கள்.

சுவரில் வரைந்த கதவு

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எச்.டி.எம்.எல். மொழியில் "டிவ்" என்று ஒரு குறி உண்டு. அதற்குத் தனிப் பொருள் கிடையாது, வெறும் பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பச்சை நிறம் பூசி, மூலைகளை உருட்டி, நிழல் கொடுத்து, "அனுப்புக" என்று எழுதினால் அசல் பொத்தானைப் போலவே தோன்றும். உள்ளே கொஞ்சம் நிரல் எழுதினால் தொட்டால் வேலையும் செய்யும்.

ஆனால் டேப் விசையை அழுத்தினால்? அது நிற்காமல் தாண்டிப் போய்விடும். என்டர் விசை? பயனில்லை. திரை வாசிக்கும் குரல்? "அனுப்புக" என்று ஒரு சொல்லாகப் படிக்கும். பொத்தான் என்று சொல்லாது. அது சுவரில் வரைந்த கதவு. கண் உள்ளவர் ஏமாறுவார். கையால் தடவி வருகிறவர் சுவரில் முட்டிக் கொள்வார். அசல் "பட்டன்" குறியை எழுதியிருந்தால் இவை அத்தனையும் இலவசமாக வந்திருக்கும்.

பின் ஏன் போலிகளைச் செய்தார்கள்? அதற்கும் காரணம் உண்டு. செக்பாக்ஸ், ரேடியோ பொத்தான், பட்டியல் ஆகியவற்றின் தோற்றத்தை நெடுங்காலம் அந்தந்தக் கணினியின் இயக்க அமைப்பே தீர்மானித்தது. சி.எஸ்.எஸ். எழுதினாலும் அவை அசைந்து கொடுக்கவில்லை. நிறம் மாற்ற வேண்டுமென்றால் அசலை மறைத்துவிட்டுப் போலியை வரைவதே வழி என்று பலரும் நினைத்தார்கள்.

இன்று அந்தக் கட்டாயம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2021 முதல் உலாவிகளில் வரத் தொடங்கிய ஒரே ஒரு வரி போதும்:

ஆக்சென்ட்-கலர்: டார்க்கிரீன்;

செக்பாக்ஸும் ரேடியோ பொத்தானும் பச்சையாகிவிடும். உள்ளே இடும் சரிக்குறி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையும் உலாவியே கவனித்துக் கொள்ளும். இதுவும் போதாது, முழுத் தோற்றத்தையும் நாமே வரைய வேண்டும் என்றால் "அப்பியரன்ஸ்: நன்" என்று எழுதலாம். பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுப்பது போல அது உலாவியின் அலங்காரத்தை மட்டும் நீக்கும். பெட்டி பெட்டியாகவே இருக்கும். டேப் விசையும் குரலும் அதை அறியும். பிறகு ஓரக் கோடும், ":செக்டு" நிலைக்குச் சரிக்குறியும் நீங்களே வரையலாம்.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். அசல் பெட்டியை "டிஸ்பிளே: நன்" என்று எழுதி மறைத்துவிட்டு, பக்கத்தில் அழகிய படம் ஒன்றை வைப்பது சிலர் வழக்கம். அப்படி மறைத்தால் கண்ணிலிருந்து மட்டுமின்றி, விசைப்பலகையிலிருந்தும் குரலிலிருந்தும் அது மறைந்துவிடும். கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு வண்ணத்தை வைத்துக் கொண்டது போலாகும்.

மூன்று சோதனைகள்

உங்கள் படிவத்தைப் பத்திரப்படுத்தி, உலாவியில் திறந்து கொள்ளுங்கள். இப்போது மூன்று சோதனைகள்.

முதல் சோதனை: சுட்டியைத் தள்ளி வையுங்கள். டேப் விசை, அம்பு விசைகள், இடைவெளி விசை, என்டர் விசை ஆகியவற்றால் மட்டும் படிவத்தை முழுதும் நிரப்பி அனுப்ப முடிகிறதா? நீங்கள் நிற்கும் இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறதா?

இரண்டாம் சோதனை: செல்பேசியில் திறந்து, ஒளியைக் குறைத்துக் கொண்டு, பகலில் வீட்டு வாசலுக்கு வாருங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறார் என்பதை மட்டும் குறித்துக் கொள்ளுங்கள். தயங்கினால் குறை அவரிடம் இல்லை, படிவத்தில் இருக்கிறது.

மூன்றாம் சோதனை: சி.எஸ்.எஸ். பகுதி முழுவதையும் நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். பெரும்பாலான தளங்களில் அலங்காரம் தனிக் கோப்பாக வருகிறது. மலைப்பாதையில் சமிக்ஞை அறுந்தால் எச்.டி.எம்.எல். வந்து, அலங்காரம் வராமலே போகலாம். அப்போதும் படிவம் வேலை செய்கிறதா?

நாம் இதுவரை செய்த படிவம் மூன்றாம் சோதனையில் தேறும். ஆரம்பத்தில் பார்த்தீர்களே, சிறிய சாம்பல் நிறக் கட்டங்கள்? அதே கோலத்துக்கு அது திரும்பும். ஆனால் பெயர்கள் இருக்கும், நாட்காட்டி விரியும், பொத்தான் அனுப்பும். போலிப் பொத்தான் வைத்த படிவமோ, வண்ணம் போனதும் வெறும் சொற்களாகக் கிடக்கும்.

மரத்தடியில் நிற்கும் வேனுக்குத் திரும்புவோம். கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் எழுத்து அடர்த்தியாக இருக்கிறது. கைப்பேசி எண்ணுக்கு இலக்கங்கள் தாமே எழுகின்றன. தேதிக்கு நாட்காட்டி விரிகிறது. ஆட்கள் 7 என்று தங்கை தட்டுகிறாள். பாட்டி "விதிகளை ஏற்கிறேன்" என்ற சொற்களின் மேல் விரலை வைக்கிறார். பெட்டியில் சரிக்குறி விழுகிறது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்புகிறார்.

அடுத்த முறை ரயில் சீட்டுக்கோ, தேர்வுக்கோ, உதவித்தொகைக்கோ இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பும்போது, அனுப்பும் முன் டேப் விசையை நான்கு முறை அழுத்திப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று அந்தப் படிவம் உங்களுக்குச் சொல்கிறதா?